தங்கச்சி பேற்றுக்கு உருக்கின எண்ணெய்

தங்கச்சியை முதல் பேற்றுக்குக் கூட்டிவந்த மறுநாளே அம்மா தோப்பில் இறங்கித் தேங்காய் பார்க்கத் தொடங்கிவிட்டாள். உருக்குகிற எண்ணெய்க்குத் தேங்காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் கொஞ்சமாய் அலம்ப வேண்டும். ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கி, பிடிக்காததைத் தள்ளி, பிடித்ததை அணைத்து எடுத்துவந்து அடுக்களை மூலையில் சேர்த்தாள். எங்களுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இத்தனை பேரைத் தள்ளவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து அருமனைக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. சமையலுக்கும் விளக்குக்கும் செக்கில் ஆட்டின எண்ணெய் எல்லோர் வீட்டிலும் இருக்கும். பச்சைப்பிள்ளைக்கு அது ஆகாது. பிள்ளையின் உடம்பில் தேய்ப்பதற்குத் தேங்காய்ப் பாலைப் பிழிந்து, அதை உருக்கித்தான் எண்ணெய் எடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்ற வீட்டில்தான் அதைச் செய்து வைப்பார்கள்.

செய்கிற விதம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தேங்காயைத் திருவி, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தோர்த்துத் துணியில் வைத்து முறுக்கிப் பால் பிழிய வேண்டும். பாலை வாயகன்ற மண்பானையில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு அசையாமல் வைத்தால், தண்ணீர் கீழே நின்று, மேலே கட்டியாக வெள்ளை ஏடு திரண்டுவிடும். விரலால் வழித்தால் விரலோடு வரும். வெண்ணெய் என்றே சொல்வோம். பசுவின் வெண்ணெயைக் காணாத வீடுகளிலும் இந்த வெண்ணெய் உண்டு. அதைச் சிரட்டையில் வழித்து உருளியில் இட்டு, சின்னத் தீயில் உருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால் கொதிக்கிற மணம் வரும். அப்புறம் அவல் வறுக்கிற மணம். அப்புறம் சட்டென்று ஒரு நொடியில் மணம் மாறும். அந்த நொடியில் இறக்கினால் எண்ணெய் கண்ணாடி. கொஞ்சம் தாமதித்தால் அடியில் படிகிற கசண்டு கருகி, எண்ணெயில் அந்தக் கருகல் ஏறிவிடும். பிறகு யார் வந்தாலும் அதை மீட்க முடியாது.

இதில் ஒரு சிக்கல். எங்கள் அம்மாவுக்கு மணமே தெரியாது. பீனிசம் வந்து மூக்கு செத்துப் போனது எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே. பிச்சிப்பூவும் கருவாடும் அவளுக்கு ஒன்றுதான். அடுப்பில் சோறு பிடித்தால் முற்றத்தில் நிற்கிற நாங்கள் கத்த வேண்டும். "கர்த்தர் ஒனக்க மூக்கை எடுத்துக்கிட்டு, அதுக்கும் சேத்து நாக்கைத் தந்துட்டாரு" என்று அப்பா கேலி செய்வார். அதனால் எண்ணெய் உருக்குகிற நாளில் அம்மா என்னைத்தான் பக்கத்தில் உட்காரவைப்பாள். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது இருக்கும். அவள் கிளறுவாள், நான் முகர்வேன். "மாறிச்சா மக்ளே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு "இப்போ" என்பேன். உடனே உருளி கீழே இறங்கிவிடும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் அம்மாவையும் கூப்பிடுவார்கள். அவளோடு அவள் மூக்கான நானும் போவேன். எனக்கு அதில் நல்ல கர்வம் உண்டு.

என் சொந்தப் பேற்றுக்கும் அப்படித்தான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து, என் பிள்ளைக்கான எண்ணெய்க்கு நானே மணம் பார்த்தேன். பெண்பிள்ளை பிறந்தாள். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால், பெயரிடுவதற்கு முன்னால், ஒரு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாகப் பால் குடித்தாள். என்ன காரணம் என்று மருத்துவச்சிக்கும் தெரியவில்லை, சபைப் போதகரான ஐயருக்கும் தெரியவில்லை. கர்த்தருக்குத் தெரியும் என்றார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பியில் ஒரு விரல்கூடக் குறைந்திருக்காது. அந்தக் குப்பி பிறகு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் மலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அங்கே பனியும் அட்டையும். உடம்பு தேறின பிறகு வந்தால் போதும் என்று என்னை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். வருஷம் ஒன்று ஆகப் போகிற நேரம் அது. என் உடம்பு எப்போதோ தேறிவிட்டது. தேறாதது உடம்பு இல்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தங்கச்சி வந்தாள். என்னை விட நான்கு வயது இளையவள். வாயாடி. வண்டியிலிருந்து இறங்கும்போதே, "அக்கா, எனக்க பிள்ளைக்கி நீதான் எண்ணெ உருக்கணும். அம்மைய நம்பினா கரியத்தான் தேய்க்கணும்" என்றாள். நான் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்ததால் எனக்கே என் சத்தம் வேறு யாருடையதோ போல இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை தங்கின கைதான் பிள்ளை எண்ணெயில் பட வேண்டும். பிள்ளை தங்காத கை படக் கூடாது. யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. நாங்களோ இரண்டு தலைமுறையாக வேதக்காரர்கள். அப்பா சபையில் டீக்கனார். எங்கள் வீட்டில் ராகுகாலம் கிடையாது, சகுனம் கிடையாது, மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் போகும்போது நாங்கள் வேடிக்கை பார்க்கக்கூட ரோட்டுக்கு இறங்கக் கூடாது. ஆனால் பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீய்க்கும். வேதத்துக்கு வந்தவர்கள் சாமியை விட்டுவிட்டு வந்தார்கள். பயத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

அம்மா அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு ஜெயித்தும் இருப்பேன். அவள் எனக்கு அந்த வழியைத் தரவில்லை. தேங்காய் திருவ நான் திருவலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், "எழும்பு மக்ளே, ஒனக்கு நடுமுதுகு நோவும்" என்றாள். பால் பிழியத் துணியை எடுத்தால், "நீ போயி தங்கச்சிக்கக் கூட இரி, அவ ஒத்தைக்கி இருக்கா" என்றாள். தங்கச்சியிடம் போனால் அவள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது அம்மா அடுக்களைக் கதவைப் பாதி சாத்தியிருந்தாள். எங்கள் வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்தி நான் கண்டதில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. விளங்கின பிறகும், மணம் பார்க்கவாவது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். மூக்குக்கு என்ன தோஷம்? எட்ட நின்று முகர்ந்து சொன்னால் எண்ணெயில் என் கை படாதே. வாசல்படியில் நின்றுகூடச் சொல்வேனே. இந்த அளவுக்கு நானே இறங்கிப் பேரம் பேசத் தொடங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் காலை அம்மா வெண்ணெயை வழித்து உருளியில் இட்டு அடுப்பில் ஏற்றினாள். நான் பின்முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், துவைக்க வேண்டிய துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துவைக்கவில்லை. அடுக்களை ஜன்னலின் அழி வழியாக மணம் வந்துகொண்டிருந்தது. பால் கொதித்தது. அவல் வறுபட்டது. அம்மா கரண்டியால் கிளறுகிற சத்தம் கேட்டது. கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று காதை அங்கேயே வைத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. உருளிக்குள் குனிந்து குனிந்து நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கிளறுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் தங்கச்சி, "எம்மோ!" என்று கத்தினாள். கரண்டி தரையில் விழுகிற சத்தமும் அம்மா ஓடுகிற சத்தமும் சேர்ந்து கேட்டன. அது பேற்று நோவு இல்லை, காலில் நரம்பு இழுத்துக்கொண்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் நரம்பைத் தடவி விட நேரம் எடுக்குமே. அடுக்களையில் ஆள் இல்லை. அடுப்பில் தீ இருந்தது.

மணம் மாறப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கிற நேரம்தான் இருக்கும். விட்டால் கருகும். கருகினால், மூக்கு இல்லாத அம்மா அதை நல்லதென்றே நினைத்துக் குப்பியில் ஊற்றி, தங்கச்சி பிள்ளையின் உடம்பில் தேய்ப்பாள். தொட்டால், பிள்ளை தங்காத கை பட்டுவிடும். என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்தது என் கைதானா? இந்தக் கேள்வியை நான் அதுவரை ஒருபோதும் எனக்குள் கேட்டதில்லை. அம்மா சாத்தின கதவுதான் அதைக் கேட்க வைத்தது.

நான் எழுந்து போனேன். கதவைத் தள்ளினேன். முந்தானையைச் சுருட்டி உருளியின் இரண்டு காதையும் பிடித்துத் தரையில் இறக்கினேன். மணம் அப்போதுதான் மாறிற்று. கசண்டு செம்பொன்னாக அடியில் படிய, மேலே எண்ணெய் தெளிந்து நின்றது. அதை விட நல்ல எண்ணெய் அந்த வீட்டில் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருக்கட்டும்.

அம்மா திரும்பி வந்தபோது நான் அங்கேயே நின்றேன். ஓடி ஒளிய எனக்கு மனம் வரவில்லை. அவள் உருளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீயா எறக்கின?"

"ஆமா. கருகப் போச்சு."

"கை சுட்டுதா?"

"இல்ல."

அம்மா எண்ணெய் ஆறினதும் துணியில் வடிகட்டி வெள்ளைக் குப்பியில் ஊற்றினாள். குப்பியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "நல்ல பதம்" என்றாள். அப்பா சாப்பிட வந்தபோதும் அவரிடம் காட்டினாள். நான் சந்தோஷப்பட்டேன். கிணற்றடிக்குப் போய்த் துணி முழுவதையும் அடித்துத் துவைத்தேன். அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். என்ன தப்புக்கு மன்னிப்பு என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அத்தனை சந்தோஷம். தங்கச்சியின் கட்டிலில் போய் உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்துப் பிள்ளை உதைப்பதைப் பார்த்தேன். "பயங்கர உதை, போலீஸ்காரன்தான்" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அம்மா முற்றத்து அடுப்பில் பெரிய பானை நிறைய வெந்நீர் வைத்திருந்தாள். பலகையைப் போட்டு, "இஞ்ச வா மக்ளே, இதில இரி. ஒனக்க தலையப் பாரு, வறண்டு தேங்கா நாரு மாதிரி கெடக்கு" என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து நான் தலையைக் கவனித்ததில்லை என்பது உண்மைதான். போய் உட்கார்ந்தேன். பின்னால் நின்று என் கொண்டையை அவிழ்த்தாள். உச்சியில் எண்ணெய் இறங்கிற்று.

மணத்தை வைத்துத்தான் அது எந்த எண்ணெய் என்று தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் கையில் அந்த வெள்ளைக் குப்பி.

"அம்மா, இது பிள்ளைக்கி உள்ளதுல்லா?"

"பிள்ளைக்கி வேற உருக்கலாம். தேங்கா கெடக்கு."

"இதுக்கு என்ன குறை?"

அவள் குப்பியைச் சாய்த்து இன்னும் ஊற்றினாள். விரல் பத்தும் வைத்து மெதுவாக, சின்னப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல, காதுக்குப் பின்னால், கழுத்தில், நெற்றியோரத்தில் எல்லாம் தேய்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பீனிசமா அழுகையா என்று தெரியவில்லை. அப்பா மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தார். சகுனத்துக்கு எதிராக ஜெபக்கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுகிற அப்பா. எங்கள் இருவரையும் பார்த்தார். காலிக் குப்பியையும் பார்த்தார். வயலுக்குப் போய்விட்டார்.

"சொல்லு அம்மா, இதுக்கு என்ன குறை?" என்று மறுபடியும் கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல மக்ளே. நீயும் எனக்க பிள்ளதான" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. வெறுப்போடு செய்திருந்தால் நானும் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். என் கை பட்ட எண்ணெயை மண்ணில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பேரப்பிள்ளைக்குத் தேய்க்கவும் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் தலை இருந்தது.

அம்மா அன்றைக்கே வேறு தேங்காய் திருவினாள். அடுத்த நாள் தனியாகவே உருக்கினாள். கொஞ்சம் கருகத்தான் செய்தது. நான் கிணற்றடியில் இருந்து முகர்ந்தேன், எழுந்திருக்கவில்லை. தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். அந்தக் கருகின எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு கொழுகொழுவென்று வளர்ந்தான். அவனைத் தூக்க என்னை யாரும் தடுக்கவில்லை, நன்றாகவே தூக்கினேன். தங்கச்சிக்கு இது எதுவுமே தெரியாது. அம்மாவின் எண்ணெயை வைத்து எங்களைக் கேலி செய்துகொண்டே இருந்தாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் பலகையை விட்டு எழுந்து உள்ளே போனேன். தலையில் ஊற விட வேண்டும் என்று அம்மா சொன்னாள். இருட்டு அறையில் பாயில் படுத்தேன். படுத்தவுடன் என் பிள்ளை வந்துவிட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குளிப்பாட்டித் துடைத்து என் தோளில் சாய்த்தால் அவள் உச்சந்தலையிலிருந்து வருமே, அதே மணம். ஒரு வருஷத்துக்குள் அவள் முகம் எனக்குக் கலங்கத் தொடங்கியிருந்தது. மூக்கு அம்மாவுடையதா என் வீட்டுக்காரருடையதா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. படம் பிடித்து வைக்கிற வசதி எங்களுக்கு ஏது? பெயர் இருந்தால் பெயரையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மூக்கில் வைத்தால் அவள் இருந்தாள். முடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நல்ல எண்ணெய் வீணாகக் கூடாது, மகளின் தலை வறண்டு கிடக்கிறது, அவ்வளவுதான் அவள் கண்டாள். அந்த எண்ணெய்க்கு ஒரு மணம் உண்டு என்பதே அவளுக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்த சங்கதி. மூக்கு மட்டும் இருந்திருந்தால் அவள் அதை என் தலையில் ஊற்றியிருக்க மாட்டாள். அடித்துச் சொல்வேன்.

"மக்ளே, வெந்நி ஆறுது. வந்து குளி" என்று முற்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இப்போ வேண்டாம் அம்மா."

அன்றைக்குக் குளிக்கவில்லை. மறுநாளும் குளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வழிகிற தலையோடு ஆலயத்துக்குப் போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் சட்டையில் படாமல் நகர்ந்து உட்கார்ந்தாள். பிரசங்கம் முழுக்க நான் முந்தானையால் தலையை மூடி, உள்ளே மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் உட்கார வைத்தாள். "ஆளுவ என்ன சொல்லுவாவ, தலை பிசுக்கேறிக் கெடக்கு" என்று திட்டிக்கொண்டே, செம்பருத்தி இலையைத் தாளியாக அரைத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஊற்றி, எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இல்லாமல் தேய்த்துக் குளிப்பாட்டினாள். நான் அவள் கையைத் தட்டிவிடவில்லை. தண்ணீர் வாழைக்குப் போகிற வாய்க்காலில் ஓடிற்று. ஈரத்தலையைத் துவட்டி மூக்கில் வைத்துப் பார்த்தேன். தாளியின் வாசனைதான் இருந்தது. என் பிள்ளை இரண்டாவது தடவையும் போய்விட்டாள்.